பாக்கியம் கேட்ட சொல்

"உங்கட பேர் என்ன ஐயா?" என்று சுகந்தி கேட்டாள்.

"பெரட்டு" என்றார் அவர்.

"எத்தினை வயசு?"

"பெரட்டு."

"இப்ப உடம்பு எப்பிடி இருக்கு?"

அவர் சற்று யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். இடது கையைத் தூக்கி எதிரே இருந்த மலையைக் காட்டினார். பிறகு, மந்தமான பிள்ளைக்கு நிறுத்தி நிதானமாக விளக்குகிறவரைப் போல, "பெரட்டு. பெரட்டு, பெரட்டு. பெரட்டு" என்றார்.

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். என் காதருகே குனிந்து, "மிஸ், அது என்ன பாசை?" என்றாள்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு வீட்டின் முன்புறத்துச் சிறு விறாந்தையில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அதை அங்கே இஸ்தோப்பு என்பார்கள். பனி அப்போதுதான் கலைந்திருந்தது. ஈர விறகுப் புகையும் பக்கத்து வீட்டில் ரொட்டி கருகும் வாசமும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் இருந்தவருக்கு யாரோ பொத்தான் மாறிப் போட்டுவிட்ட சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வலது கை மடியில் சும்மா கிடந்தது. கண்கள் மட்டும் என்னையும் என் இரண்டு மாணவிகளையும் மாறி மாறி அளந்துகொண்டிருந்தன.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அவருக்கு அது ஒண்ணுதாங்க வரும். நீங்க என்ன கேட்டாலும் அதுதான்."

சொல் போனது, புத்தி போகவில்லை

வீரமுத்து கங்காணி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு மேலாளாக இருந்தவர். பசறையைத் தாண்டி நமுனுகுலப் பக்கம் ஏறுகிற பாதையில் இருந்தது தோட்டம். விடியற்காலையில் ஆட்களைக் களத்தில் கூட்டி, பேர் கூப்பிட்டு, நீ கொழுந்துக்கு, நீ புல் வெட்ட, நீ கவ்வாத்துக்கு என்று பிரித்து அனுப்புவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்ற சொல்லைத் தோட்டம் தன் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது என்பார்கள். கங்காணியின் குரல் பெரட்டுக் களத்தில் எழுந்தால் அடுத்த மலையில் நிற்கிற நாய் படுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்டவருக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் காலும் மரத்திருந்தன. வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே சொல்.

இப்படி நடப்பது புதுமையல்ல. சிலருக்கு 'சரி' மிஞ்சும். சிலருக்கு ஒரு கெட்ட வார்த்தை மிஞ்சும். அந்தக் குடும்பங்களின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். நாம் சொல்வதெல்லாம் இவர்களுக்கு விளங்கும். சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும். வாசலுக்கு வரும்போது வேறொரு சொல் முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

லயத்துப் பிள்ளைகள் அவருக்குப் 'பெரட்டுத் தாத்தா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலியிலிருந்து மலையைப் பார்ப்பார். யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச முடியாத இப்படியானவர்களில் பலரால் பாட முடியும். பாட்டு மூளைக்குள் வேறு பாதையால் வருகிறது. அந்தப் பாதையால் சில சொற்களை ஏற்றி இறக்க முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அதைச் செய்து பழகத்தான் என் மாணவிகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அந்த மலையேறியிருந்தேன்.

சுகருக்கு என்ன ராகம்?

போர் முடிந்து பாதைகள் திறந்து, வடக்கிலிருந்து பிள்ளைகள் மலைநாடு பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம் அது. நான் வெளிநாட்டில் இசை மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பட்டம் முடித்த மாணவர்களுக்கு அதைச் செய்முறையாகச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. பயிற்சிக்குப் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தது என் சொந்த ஆசை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கச்சேரி உத்தியோகத்துக்குப் பதுளை வந்தவர். அரச அலுவலகத்தைத்தான் நாங்கள் கச்சேரி என்போம். கச்சேரிக்காரர் மகள் என்று சொன்னதும் நான் ஏன் பாட வந்தேன் என்பதற்கு அதுதான் காரணம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரு தமிழும் வெளியே இன்னொரு தமிழுமாக வளர்ந்ததால் எனக்கு இரண்டும் வரும்.

நான் ஊருக்குத் திரும்பிய செய்தி பரவியதும், பதுளைக் கடைவீதியில் புடைவைக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பரம்பரையாக வியாபாரம் செய்கிற குடும்பம். கொஞ்சம் சங்கீத ஞானமும் உள்ளவர்.

"ஏம்மா, இந்த சுகருக்கு என்ன ராகம் கேக்கலாம்?"

"சுகருக்கு ராகம் சரிவராதுங்க முதலாளி. நடைதான்."

"திஸ்ர நடையா, கண்ட நடையா?"

"ஐயோ, காலையில எந்திரிச்சு நடங்கன்னு சொல்றேன்."

அவருக்கு என்மேல் இருந்த மரியாதை அன்றோடு பாதியாகக் குறைந்தது.

மாணவர்களும் ஏறத்தாழ அந்த எண்ணத்தோடுதான் வந்தார்கள். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று ஒரு பட்டியல் கையில் கிடைக்கும், அதைப் பாடிவிட்டு வரலாம் என்று நினைத்தார்கள். நான் கொடுத்த முதற்பயிற்சி அவர்களுக்குக் கசந்தது. ஒரு வரியைப் பாடு, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்து, பிறகு காத்திரு. எதிரே இருப்பவர் அந்தச் சொல்லைப் போடும்வரை வாய் திறக்காதே.

சுகந்தியால் அது முடியவேயில்லை. அவள் அபாரமான பாட்டுக்காரி. அவள் குரல் ஒரு அறைக்குள் நுழைந்தால் அறை பெரிதாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் இடைவெளியைக் கண்டால் பதறிவிடுவாள். "மிஸ், சும்மா இருக்க வெக்கமாய்க் கிடக்கு" என்பாள். மேடையில் இடைவெளி வந்தால் மிருதங்கக்காரர் பார்த்துக்கொள்வார், இங்கே நோயாளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

மற்றவள் நிமாலி. பண்டாரவளைச் சிங்களப் பிள்ளை, உளவியல் பட்டதாரி. சங்கீதம் சுமார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்திருந்தாள். அதில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடிப் பார்த்துத்தான் ஒவ்வொரு வசனத்தையும் வெளியே எடுப்பாள். மரியாதைப் பன்மையும் ஒருமையும் அவளிடம் ஒரே வண்டியில் வரும். "ஐயா, நீ உக்காருங்க" என்பாள்.

இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போவதைப் பின்னாலிருந்து பார்ப்பதே எனக்கு அந்தக் காலத்தின் பெரிய சந்தோசம்.

நாலு

முதல் நாள் சுகந்தி பாடினாள். முருகன்மேல் ஒரு பாட்டு. லயம் முழுவதும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கங்காணியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பாட்டு முடிந்ததும் அவர் இடது கையை நெஞ்சில் வைத்து, "பெரட்டு" என்றார். நன்றி என்று சொன்னார் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

ஆனால் அழ வைப்பது சுலபம். நாங்கள் அதற்கு வரவில்லை.

அடுத்த கிழமையும் அப்படியே போயிற்று. சுகந்தி பாடப் பாட அவர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். கச்சேரிக்கு வந்த ரசிகர் எதற்கு வாயைத் திறக்கப் போகிறார்?

சுகந்தி தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் நிமாலி அவர் பக்கத்தில் தனியாக மாட்டிக்கொண்டாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் அவளுக்குப் பயமில்லாமல் வருவது எண்கள் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுமாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய இடது கையைப் பிடித்து, நாற்காலிக் கைப்பிடியில் மெல்லத் தட்டிக்கொண்டே, இழுத்து இழுத்துப் பாடினாள்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

அங்கே அவளுக்கு ஒரு தும்மல் வந்தது.

"நாலு" என்றார் கங்காணி.

நான் படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். நிமாலி என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, இப்போது யாரையும் பார்க்கக்கூடாது என்று. கையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு. ஆறு. ஏழு." அவர் குரல் கரகரவென்று வந்தது. எட்டில் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தது. இருபதைத் தாண்டியும் நிற்கவில்லை. காலமெல்லாம் களத்தில் தலை எண்ணியவர். உடம்பு முன்னே சாய்ந்தது. கண்கள் எதிரே இல்லாத ஆட்களைப் பார்த்தன. நிமாலிக்கு நாற்பதுக்கு மேல் குழப்பம். கங்காணி அவள் கையைத் தட்டித் திருத்தினார்.

வாசலில் அவர் மனைவி பாக்கியம் நின்றார். கையில் சாயத்தண்ணி என்கிற வெறும் தேத்தண்ணிக் கோப்பைகள். ஆடாமல் அசையாமல் நின்றார். நான் அதைச் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தக் கொஞ்சம்?

அதற்குப் பிறகு வேலை விறுவிறுப்பாக நடந்தது. இரண்டே சுரம். மேலே ஒன்று, கீழே ஒன்று. அன்றாடம் தேவைப்படுகிற சிறிய வசனத்தை அந்த இரண்டு சுரத்தில் ஏற்றிப் பாட வேண்டும். அசைக்கு ஒரு தட்டு, இடது கையில். முதலில் சேர்ந்து பாடுவது. பிறகு நாங்கள் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து அவரைத் தனியே விடுவது.

"தண்-ணி வே-ணும்."

சுகந்தியின் குரல் அந்த இரண்டு சுரத்துக்குள் அடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தண்ணியில் ஒரு கமகம் விழும். வேணுமில் ஒரு பிருகா.

"மிஸ், இது பாட்டே இல்லை" என்று ஒருநாள் கோபித்தாள்.

"இல்லைத்தான்" என்றேன்.

இந்த முறையில் ஒரு கட்டாயம் உண்டு. கிழமையில் ஒருநாள் நாங்கள் வந்து போனால் போதாது. வீட்டில் ஒருவர் தினமும் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பில். வீட்டில் இருந்தது பாக்கியம் மட்டும். அவரிடம் சொன்னபோதெல்லாம் "சரிங்க டீச்சர்" என்பார். அடுத்த கிழமை வந்து பார்த்தால் எதுவும் நடந்திருக்காது. வேலை, மழை, மூக்கடைத்த தடிமன், தலையிடி என்று ஒவ்வொரு காரணம்.

ஒருநாள் அடுப்படிக்குப் போய் அவரோடு உட்கார்ந்தேன். விறகை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டார்:

"டீச்சரம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா? அவருக்குப் பேச்சு முழுசா வந்துருங்களா?"

"முழுசா வராதுங்க. கொஞ்சம் வரும்."

"எந்தக் கொஞ்சம்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஏசுறது மொதல்ல வருமா, மத்தது மொதல்ல வருமான்னு கேக்குறேன்."

அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. கை நீட்டுன மனுசன் இல்ல. குடிக்கிறவரும் இல்ல. வாயிதான். காலையில களத்துல ஏசுவாரு, சாயங்காலம் வீட்டுல ஏசுவாரு. களத்துல இருக்குறவங்களுக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. இப்பதாங்க இந்த வீட்டுல மழை பேயிற சத்தம் எனக்குக் கேக்குது. நானும் நல்லாத்தான் பாத்துக்குறேன். குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன். ஒரு கொறையும் வைக்கல. அந்த வாய மட்டும் நானே உக்காந்து தொறந்து விடணுமா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏச்சு பல பேருக்குச் சுலபமாக வந்துவிடும் என்பதுதான் உண்மை. அதைச் சொன்னேன்.

"நெனைச்சேன்" என்றார் பாக்கியம். தேத்தண்ணியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். சீனி தாராளமாகப் போட்டிருந்தார்.

பசறையில் ஒரு விவாதம்

பஸ் வரும்வரை பசறைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். சுகந்தி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன மனுசி மிஸ் அவ! புருசன் வாய் திறக்கேலாமல் கிடக்கிறார். சந்தோசமாய் இருக்கு எண்டுறா!"

"சந்தோசமாய் இருக்கு எண்டு அவ சொல்லேல்லை" என்றேன்.

"பின்னை? வேறை ஆளைப் பிடிப்பம். பக்கத்து வீட்டில ஆரும் பழக்கட்டும்."

நிமாலி தன் வசனத்தைத் தேடி எடுத்து முடிக்க எங்கள் தேத்தண்ணி ஆறிவிட்டது. "அந்த ஐயா பாவம். அந்த அம்மாவும் பாவம். ஐயா நல்லாப் பேசினா, அம்மா இன்னும் பாவம்."

"அப்ப விட்டுடுவமா?" என்று சுகந்தி கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. செய்முறைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய நோயாளி கங்காணிதான். ஆனால் அவள் பரீட்சைக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமைகளில் அவள் அவர் பாடுகிற கமகமில்லாத 'தண்ணி'யில் உயிரையே வைத்திருந்தாள்.

நோயாளிக்கு என்ன தேவை என்று கேள் என்பதுதான் எங்கள் தொழிலின் முதற்பாடம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேருக்கு இரண்டு தேவை இருந்தால் என்ன செய்வது என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. பஸ் வந்தது. நின்றுகொண்டே பதுளைவரை போனோம். ஒரு வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தபோது சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மிஸ், நாங்கள்தானே அவருக்குச் சொல்லெல்லாம் தெரிஞ்செடுத்துக் குடுத்தனாங்கள். அவவிட்டை ஒருநாளும் கேக்கேல்லையே."

அந்தக் கணத்தில்தான் அவள் பாட்டுக்காரியிலிருந்து வேறொன்றாக மாறினாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேர்

அடுத்த கிழமை சுகந்தியே போய்ப் பாக்கியத்தின் பக்கத்தில் அடுப்படியில் குந்தினாள்.

"அம்மா, என்ன சொல் பழக்கிறதெண்டு இனி நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் பழக்குவம். வேண்டாமெண்டால் வேண்டாம்."

பாக்கியத்துக்கு அவள் தமிழ் பாதிதான் பிடிபட்டது. ஆனால் விசயம் பிடிபட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு அவருக்கு ஒரு கிழமை பிடித்தது. எங்களுக்கும் அந்தக் கிழமை நகரவில்லை.

நாங்கள் திரும்பிப் போனபோது முகம் கழுவி, பொட்டு வைத்து, புருசனுக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரைச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கல்யாணமான நாள்லேருந்து இவரு என்னைய 'ஏய்'னுதான் கூப்புடுவாரு. கோவம்னா 'ஏய்' பெருசா இருக்கும், கோவமில்லன்னா சின்னதா இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். களத்துல அம்புட்டு பொம்பளைங்க பேரையும் சொல்லிக் கூப்புட்ட வாயி. எம் பேரு தெரியாமலா இருக்கும்? மொதல்ல அது வரட்டும். அப்புறம் தண்ணி, சோறு எல்லாம் நானே பழக்குறேன்."

கங்காணிக்கு எல்லாம் விளங்கியது. காது சிவந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி மலையைப் பார்க்கத் தொடங்கினார். அன்று முழுக்க அவர் தலை இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஆனால் பாக்கியம் சொன்ன சொல் தவறவில்லை. அன்று மாலையே பழக்கத் தொடங்கிவிட்டார். காலையில் ஒருமுறை, மலைநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் எடுத்துவிட்டு வந்து ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரம் ஒருமுறை. "பாக்-கி-யம், தண்-ணி வே-ணும்" என்று அவர் பாடுவார். கங்காணி முதற்சொல் முடியும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பார். பிறகு மிகுந்த ஈடுபாட்டோடு, "தண்-ணி வே-ணும்" என்று மட்டும் பாடுவார். பாக்கியம் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

இப்படியே சோறு வந்தது. கம்பளி வந்தது. 'வலிக்குது' வந்தது. சின்ன வசனங்களாக ஒவ்வொன்றும் வந்து உட்கார்ந்தது. முதற்சொல்லின் இடம் மட்டும் எப்போதும் காலி.

"அவருக்கு ஏலாதோ, மனமில்லையோ?" என்று சுகந்தி கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. சில பேருக்கு உண்மையிலேயே பெயர்கள்தான் கடைசியாக வரும்.

பரீட்சை

பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மெல்லிய குரல், பெரிய குடை, தமிழ் தெரியாது. தோட்டத்துக்கு வான் வண்டி வந்த செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இஸ்தோப்புக்கு எதிரே லயத்துச் சனம் முழுவதும் திருவிழாவுக்கு வந்ததுபோல் நின்றது. முன்வரிசையில் பிள்ளைகள்.

கங்காணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் சரியாக இருந்தன.

சுகந்தி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நிமாலி இடது கையைப் பிடித்தாள். "தண்-ணி…" என்று சுகந்தி தொடங்கி நிறுத்தினாள்.

கங்காணி அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். வாய் இறுகியது.

சுகந்தி காத்திருந்தாள். அவளா காத்திருக்கிறாள் என்று எனக்கே ஆச்சரியம். கையை மடியில் வைத்து, அவர் முகத்தை அமைதியாகப் பார்த்துக்கொண்டு, ஊரே கேட்கிற அந்த இடைவெளியில் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

அப்போது முன்வரிசையில் ஒரு வாண்டு, "பெரட்டுத் தாத்தா!" என்றது. மற்றதுகள் எல்லாம் சேர்ந்து 'பெரட்டு, பெரட்டு' என்று கத்தத் தொடங்கின.

கங்காணியின் கழுத்து நரம்பு புடைத்தது. நிமாலியின் பிடியிலிருந்த கையை உருவி, நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே, சுகந்தியின் அந்த இரண்டு சுரத்தில், சுருதி கொஞ்சமும் பிசகாமல் பாடினார்:

"போங்-க-டா அங்-கிட்-டு! போங்-க-டா அங்-கிட்-டு!"

பாக்கியம் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பல்ல. தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர வயிறு குலுங்கச் சிரித்தார். அதைப் பார்த்து லயம் சிரித்தது. கங்காணி முதலில் முறைத்தார். தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. உதட்டின் நல்ல பக்கம் மெதுவாக மேலே ஏறியது.

பேராசிரியர் நிமாலியிடம் சிங்களத்தில் கேட்டார்: "என்ன சொன்னார்?"

"பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொன்னார்."

"இந்த வசனத்தை எந்தக் கிழமை பழக்கினீர்கள்?"

"நாங்கள் பழக்கவில்லை, சேர். இது அவருடையது."

பேராசிரியர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கங்காணியிடம் போய்க் கையைக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளும் நல்ல தரத்தில் தேறினார்கள். சுகந்தி பிறகு வன்னிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்குக் காத்திருக்கத் தெரிந்தது எத்தனை பேருக்கு உதவியது என்பது தனிக்கதை. நிமாலி பண்டாரவளையில் பேச்சுத் தாமதமான பிள்ளைகளோடு வேலை செய்தாள். அவளுடைய தமிழ் திருந்திவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பாடிச் சொன்னால் கேட்பேன்

பரீட்சை முடிந்தாலும், இருவரும் வேலைக்குப் போகும்வரை நாங்கள் போவதை நிறுத்தவில்லை. பாக்கியம் பயந்தது உண்மையாயிற்று. ஏச்சு வந்தது. ஆனால் வெறும் பேச்சாக வரவில்லை, பாடினால்தான் வந்தது. கறியில் உப்புக் கூடினால் கங்காணி கைப்பிடியைத் தட்டி இரண்டு சுரத்தில் ஏச வேண்டியிருந்தது. பாக்கியம் அடுப்படியிலிருந்தே, "சுருதி சேரலைங்க, இன்னொருக்கா பாடுங்க" என்பார். அவர் இரண்டாம் தடவை பாடி முடிப்பதற்குள் அவருக்கே கோபம் ஆறிவிடும். எத்தனை பெரிய ஏச்சும் தாளம் போட்டுப் பாடும்போது அதன் காரம் போய்விடுகிறது. பிள்ளைகள் பெரட்டுத் தாத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, ஏச்சு வாங்குவதற்காகவே வந்து நின்றார்கள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு மறுபடியும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

பேர் மட்டும் வரவில்லை. பாக்கியமும் அதைப் பற்றி எங்களிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிந்து நாங்கள் மூவரும் போன ஒரு நாளில், லயத்துக்கு ஏறுகிற வளைவில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்க்கத்தான் இறங்கி வந்திருந்தார். தலையில் கம்பளி. மூச்சு வாங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று சுகந்தி என் கையைப் பிடித்தாள்.

"கூப்புட்டாருங்க" என்றார் பாக்கியம்.

"ஆர்? என்னெண்டு?"

"நேத்து நான் பீலியில நிக்கிறேன். கொடம் நெறைஞ்சுக்கிட்டு இருக்கு. இவரு இஸ்தோப்புல உக்காந்திருந்தாரு. திடீர்னு என் பேரைப் பாடிக் கூப்புடுறாரு. அந்தக் காலத்துல களத்துல நின்னு கூப்புடுவாருல்ல, அந்த சத்தம். லயம் பூரா கேட்டுச்சு. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க."

"பேரோடையா? முழுப் பேரா?" என்று சுகந்தி கேட்டாள்.

"முழுசா. ஒண்ணும் கொறையல."

"நீங்க போனதா?" என்றாள் நிமாலி. "என்ன கேட்டாரு?"

பாக்கியம் கம்பளியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் போகல. கொடம் நெறைஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னொருக்கா கூப்புடட்டும்னு அங்கேயே நின்னேன்."